அடுத்தவர் பயம்

அவருக்கு வரும் புத்தகப் பார்சல்களில் வீட்டு முகவரி இருக்காது. கள்ளக்குறிச்சியில் உள்ள ஒரு மருத்துவமனையின் பெயர், அதன் கீழே ‘டயாலிசிஸ் பிரிவு, முதல் மாடி’, அதற்கும் கீழே ‘ஜன்னலோர பெட்’. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருந்த அவருடைய ஊருக்குக் கூரியர்காரர்கள் ஏறுவதில்லை. அவரோ திங்களும் வியாழனும் தவறாமல் கீழே இறங்குபவர். அதனால் தமிழில் புதிதாக வரும் பேய்க்கதைகளும் கொலைக்கதைகளும் சிறுநீரகம் பழுதானவர்களின் நடுவே வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

பார்சலைப் பிரிப்பது அந்தப் பிரிவின் சிஸ்டர்தான். பார்சலுக்குரியவருடைய இடது கையில் ஊசிகள் இரண்டும் ஏறியிருக்கும், பிரிக்க முடியாது.

“டீச்சர், இந்த மாசம் அட்டையில தலையே இல்லாத பொம்பள.”

“தலை உள்ள இருக்கும். தேடிப் பாரு.”

எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் அல்லர்; மலையில் அங்கன்வாடி நடத்தியவர். அங்கே பிள்ளைகள் கூப்பிட்ட பெயர் அவரோடு பஸ் ஏறி இங்கே வந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. சிரிக்கும்போது சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நான் அவரை அறிந்தது என் அண்ணன் வழியாக. அண்ணனுக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயம். சிறுநீரகம் போய், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொள்ள கள்ளக்குறிச்சிக்கு வர ஆரம்பித்தார். நான் அதே ஊரில் ஒரு நாளிதழுக்குச் செய்தியாளன் என்பதால், அவர் பஸ் இறங்கும் நேரத்துக்குப் போய்க் கூட இருப்பது என் வேலையானது. டீச்சருக்குப் பக்கத்து பெட்தான் அண்ணனுக்குக் கிடைத்தது.

ஒரே கையால் படிப்பதற்கு அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். காலியான டிபன் பாக்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் புத்தகத்தைச் சாய்ப்பார். படித்து முடித்த பக்கங்களைத் தலைமுடிக் கிளிப் ஒன்று கவ்விப் பிடித்திருக்கும். பக்கம் திருப்ப வலது கையின் கட்டைவிரல் போதும். மெஷின் ஓடும் நான்கு மணி நேரத்தில் ஒரு மாத நாவல் முடிந்துவிடும். தடித்த புத்தகம் என்றால் அடுத்த முறைக்கும் மிஞ்சும்.

புதியது மட்டும்தான் படிப்பார். பழைய நாவல் ஒன்றை யாரோ கொடுத்தபோது வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இதுக்கு ஏற்கெனவே ஊரே பயந்து முடிச்சிடுச்சி. எனக்கு மிச்சம் ஒண்ணும் இருக்காது” என்றார். புதிய ஆட்கள் எழுதும் கதைகளை அவர் காத்திருந்து வாங்கினார். சுங்கச்சாவடியில் ஒரே வண்டி தினமும் ஒரே நேரத்தில் கடந்து போகும், கேமராவில் மட்டும் பதிவாகாது. இது ஒரு கதை. அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுது பார்ப்பவன் இல்லாத ஒரு மாடிக்குப் போய் வருவது இன்னொன்று. பொய் சொன்னால் கிணற்றில் தண்ணீர் ஏறும் வீடு ஒன்று. இவற்றையெல்லாம் கதையாக அவர் எனக்குச் சொன்னதில்லை. எந்த இடத்தில் பயம் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்வார். மீதிக்குப் படிக்க வேண்டும்.

பிழை கண்டால் விடமாட்டார். ஒரு நாவலில் கதாநாயகன் மந்திரவாதியைத் தேடிக் கல்வராயன் மலைக்கு நள்ளிரவில் பஸ்ஸில் வந்து இறங்குகிறான். அந்தப் பக்கத்தை வார்டு முழுக்கக் கேட்கப் படித்துக் காட்டினார்.

“எந்த பஸ்ஸுல வந்தான் இவன்? எனக்கே சாயங்காலத்துக்கு மேல பஸ் கிடையாது. இவனுக்கு மட்டும் தனியா வுட்டாங்களா?”

“பேய் ஓட்டிக்கினு வந்திருக்கும் டீச்சர்” என்றார் எதிர் பெட்டில் இருந்த லாரி டிரைவர்.

“எங்க ரோட்டுல அந்த வளைவுங்கள்ல பேய் ஓட்டாது. அதுக்கும் உசுரு மேல ஆசை இருக்கும்.”

பிறகு சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார். “கீழ இருக்கிறவங்க எழுதுற கதையில எல்லாம் பேயி, மருந்து, மந்திரம் மூணும் மலை மேலதான் இருக்கு. மலையில இருக்கிறவ ரத்தம் சுத்தம் பண்ண உங்க ஊருக்கு வந்து படுத்துக்கினு இருக்கேன்.”

புத்தகம் சிபாரிசு செய்வதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அதுதான் அவரை மற்ற வாசகர்களிடமிருந்து பிரித்தது. புதிய நோயாளி வந்தால் முதல் முறை பேசமாட்டார். இரண்டாவது முறை, ஊசி ஏறி வலி அடங்கியதும் கேட்பார்.

“உங்களுக்கு இன்னாத்துக்குப் பயம்?”

பதில் எதுவானாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நான்கைந்து நாட்கள் அவர்களையே கவனிப்பார். பிறகு புத்தகம் தருவார். அது அவர்கள் சொன்ன பயத்தைப் பற்றியதாக இருக்காது. சொல்லாமல் விட்ட பயத்தைப் பற்றியதாகவும் இருக்காது. பேய் என்றால் நடுக்கம் என்று சொன்ன ஓய்வுபெற்ற பெரியவருக்கு ஒரு வைரக் கடத்தல் கதை போனது. எதற்கும் பயமில்லை என்ற லாரி டிரைவருக்கு, திருமண மண்டபத்தில் சமையல்காரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகும் கதை. “கல்யாணத்துக்குக் கூப்புட்டா இனிமே மொய் மட்டும்தான், சாப்பாடு கெடையாது” என்று அவர் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏன் பொருத்தமில்லாமல் தருகிறார் என்று ஒருமுறை கேட்டேன்.

“பொருத்தமாக் குடுத்தா அவங்க பயத்த அவங்களுக்கே திருப்பிக் குடுத்தா மாதிரி ஆயிடும் பேப்பர் தம்பி. அது ஏற்கெனவே மெஷினுக்குப் பக்கத்துலயே குந்திக்கினு இருக்கு. நாலு மணி நேரம் அடுத்தவங்க பயத்துல இருந்துட்டு வூட்டுக்குப் போகட்டும்.”

இதன் நீட்சியாக ஒரு விதியும் உண்டு. ஆஸ்பத்திரி வரும் கதை அந்த அறைக்குள் வரக்கூடாது. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இது தெரியாமல், பார்சலில் வந்திருந்த நாவலை ஒரு நோயாளியிடம் கொடுத்துவிட்டாள். டாக்டரே கொலைகாரன் என்ற கதை. அதே நேரத்தில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அந்த மனிதருக்கு ரத்த அழுத்தம் ஏறி மெஷின் கத்தியது. டாக்டருக்குக் காரணம் புரியவே இல்லை. அன்று முதல் டீச்சர் ஒவ்வொரு புத்தகத்தையும் வேகமாகப் புரட்டி, ஊசியோ ஸ்டிரெச்சரோ கண்ணில் பட்டால் தன் பைக்குள் போட்டுவிடுவார். அவற்றை மலைக்குக் கொண்டுபோய்த் தான் மட்டும் படிப்பார்.

“உங்களுக்கு மட்டும் பயமா இருக்காதா?” என்று சிஸ்டர் கேட்டார்.

“எங்க ஊர்ல குந்திக்கினு படிச்சா ஆஸ்பத்திரிக் கதை பயமா இருக்காது சிஸ்டர். ஆசையா இருக்கும். மாடி மாடியா டாக்டருங்க.”

அவரிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டவர்கள் பலர். உங்களுக்கு எதற்குப் பயம்? “புக்குல அச்சு அழிஞ்சிருந்தா பயம்” என்பார், அல்லது “சிஸ்டர் லீவு போட்டா” என்பார். ஆறு ஆண்டுகளாக அந்த பெட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் அவர். அவரோடு ஆரம்பித்தவர்கள் யாரும் அப்போது அங்கே இல்லை. அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு புத்தகம் தொட்டவர் அல்லர். என் பத்திரிகையில்கூட விபத்துச் செய்திகளும் கரும்பு விலையும்தான் படிப்பார். முதல் சில வாரங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். கேள்வி வந்தபோது முகம் திருப்பாமலே பதில் சொன்னார்.

“எனக்கு இன்னா பயம்? வெட்டுக்கூலி ஆளு வரலன்னாதான் பயம். கரும்பு காஞ்சிடும்.”

டீச்சரின் தோள் குலுங்கியது. அடுத்த வாரம் சுங்கச்சாவடிக் கதை அவருடைய தலையணையில் இருந்தது. அண்ணன் அதை வாசிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். இரண்டாவது புத்தகத்துக்கு இரண்டு வாரம். பிறகு பார்சல் பிரிக்கும்போது எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். “வூட்ல படிச்சா புள்ளைங்க சிரிக்குதுங்க.” அதனால் அவருடைய புத்தகம் சிஸ்டர் மேஜையிலேயே இருக்கும்; பாதியில் பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருக்கும்.

கொலைக்கதை வாசிப்பதற்கு டீச்சர் அவருக்குச் சில வழிகள் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் பதறும்போது பதறாமல் இருப்பவரைப் பார். கேட்டு முடிப்பதற்கு முன்பே இல்லை என்று சொல்பவரைப் பார். கையில் எப்போதும் எதையாவது வைத்திருப்பவரை இரண்டு முறை பார். கரும்புக் காட்டில் எலி வளையைக் கண்டுபிடிக்கும் கண் அண்ணனுக்கு, சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பாதிப் புத்தகத்தில் ஆளைச் சொல்லிவிடுவார். பல முறை அது சரியாக இருந்தது.

“கரும்புக்காரருக்குப் போலீஸ் கண்ணு” என்று டீச்சர் பாராட்டினார். பெண் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொன்ன நாளில் பார்த்த வெட்கத்தை அண்ணன் முகத்தில் மறுபடி அன்று பார்த்தேன்.

மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். டயாலிசிஸ் முடிந்து, கச்சேரி ரோட்டுப் பக்கம் டீக்கடையில் நின்றோம். அவருக்குப் பாதி டம்ளர்தான் அனுமதி.

“அந்த டீச்சரம்மா மூஞ்சிய நல்லா பாத்திருக்கியா?”

“ஏன்?”

“வீக்கமே இல்ல. ஆறு வருசம் ஆவுதுன்றாங்க. எனக்கு ஒரு வருசத்துல கால் தூண் மாதிரி ஆயிடிச்சி. அவங்களப் பாரு, பஸ்ஸு ஏறி எறங்கிக்கினு ஜம்முனு இருக்காங்க. வாயில எப்பவும் இன்னாவோ ஒதுக்கி வெச்சிருக்காங்க பாத்தியா?”

அது கடுக்காய்த் தோல். அந்த மலையில் விளைவது. தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டியவர்களுக்கு நாக்கு வறளும். அந்தத் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறுகிறது என்பார். டாக்டருக்கும் தெரியும். விழுங்காதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். இதை அண்ணனிடம் சொன்னேன்.

“கடுக்கான்னு அவங்க சொல்றாங்க” என்றார் அண்ணன்.

அவர் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. சிஸ்டர் எனக்கு போன் செய்தார். அண்ணியிடம் கேட்டால், வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் சங்கராபுரம் வழியாகக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். அண்ணனின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. திங்கட்கிழமையும் அவர் வரவில்லை; அண்ணியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தார். என்னிடம் வயலில் வேலை என்றார். இரண்டு முறை விட்டால் உடம்பில் சேரும் நீர் நுரையீரலுக்குப் போகும். வார்டுக்கு நான் ஓடியபோது அந்தக் காலி பெட்டைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் கையில் ஊசியோடு படுத்திருந்தார். “அவரு புக்கு எங்க?” என்று மட்டும் கேட்டார்.

சிஸ்டர் மேஜையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஊசியோ ஸ்டிரெச்சரோ இல்லாததால் டீச்சரின் கண்ணுக்குத் தப்பிய கதை அது. அணைக்கட்டு ஓரத்து ஊர் ஒன்றில் எல்லோருக்கும் ஒரு விசித்திர நோய் வருகிறது. ஒரே ஒரு பெண்மணி மட்டும் நோய் இல்லாமல், அமைதியாக, ஊருக்கே உதவிக்கொண்டு நடமாடுகிறாள். மருந்தை அவள் மறைத்து வைத்திருக்கிறாள் என்று சந்தேகப்பட்டு ஒருவன் அவள் வீட்டைத் தேடிப் போகிறான். பஸ் டிக்கெட் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. டீச்சர் அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

“அய்யோ. இந்த மனுசன் என்னைப் புடிச்சிட்டாரு.”

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். போன வாரம் அண்ணன் அவரிடம் மலையில் வைத்தியம் பார்ப்பவர் யாராவது உண்டா என்று கேட்டாராம். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று இவர் உடனே சொன்னாராம். “கேட்டு முடிக்கிறதுக்கு முன்னாடியே சொன்னேன்” என்று அழுத்தினார். அப்புறம் பேச்சோடு பேச்சாக இவருடைய ஊரின் பெயர், எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று விசாரித்திருக்கிறார். “நான் சொல்லிக் குடுத்தது எல்லாத்தையும் என் மேலயே போட்டுப் பாத்துட்டாரு.”

வலது கையால் போனை எடுத்து ஊருக்குப் பேசினார். அவருடைய கணவரின் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் சொன்னது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. “ஆமா, மூங்கில்துறைப்பட்டாருன்னு ஒருத்தரு, ஊர்ல மருந்து குடுக்கிறவரு யாருன்னு கேட்டு வந்து, காலையிலேர்ந்து பெரியவர் வூட்ல குந்திக்கினு இருக்காரு. எழுந்திருக்க மாட்டேன்றாரு. மூச்சு வாங்குது.”

சிஸ்டர் ஒரு மெஷினை அண்ணனுக்காக ஒதுக்கி வைப்பதாகச் சொன்னார். நான் பைக்கில் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, மலை ஏறும் ரோட்டில் கீழே இறங்கும் பஸ் ஒன்றைத் தவிர எதிரே வண்டி இல்லை. மேலே சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

டீச்சருடைய கணவரின் அண்ணனான பெரியவர் எனக்காக வாசலிலேயே நின்றிருந்தார். அறுபது வயதுக்காரர், முறுக்கிய கயிறு போன்ற உடம்பு. என்னைப் பார்த்ததும் முறையீடாக ஆரம்பித்தார்.

“நீதான் தம்பியா? நானும் காலையிலேர்ந்து இல்ல இல்லன்னு சொல்றேன். இல்லன்னு சொல்லச் சொல்ல இந்த மனுசன் ஜாஸ்தியா நம்புறாரு. எனக்குத் தெரிஞ்சது மாட்டுக்கு வயிறு உப்பினா குடுக்கிற மருந்து ஒண்ணுதான். உங்கண்ணன் மாடா?”

உள்ளே கயிற்றுக் கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தார். கால் இரண்டும் வீங்கிச் செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மூச்சுக்கு நடுவே மெதுவாகச் சொன்னார்.

“டீச்சரு போன் பண்ணி இவருக்குச் சொல்லி வெச்சிட்டாங்க. காலையில நல்லா பேசினாரு. போன் வந்தப்புறம் வேற மாதிரி பேசுறாரு. கவனிச்சியா?”

“அண்ணே, கீழ மெஷின் ரெடியா இருக்கு. வா.”

“மெஷினு வாரா வாரம் இருக்கும். நான் எவ்ளோ நாளைக்கு உன் அண்ணிய ஊசி போட்ட கையால புடிச்சிக்கினு நடக்கிறது? இவங்களுக்கு ஒரு வழி தெரிஞ்சிருக்கு. கேக்காம எழுந்திருக்க மாட்டேன்.”

நான் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. மருத்துவம் பற்றி நான் பேசப் பேச, நானும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று முகம் திருப்பினார். கடைசியில் பெட்டிக்கடைக்காரர் தன் போனைக் கொண்டுவந்து கட்டிலின் மேல் வைத்தார். டீச்சர் பேசினார். பின்னால் மெஷின்களின் ஓசை கேட்டது. வார்டில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சிஸ்டர் பிறகு சொன்னார்.

“இன்னா கரும்புக்காரரே, வூடெல்லாம் தேடிட்டீங்களா?”

“டீச்சரம்மா, கோச்சிக்காதீங்க. உங்களுக்கு மட்டும் எப்பிடி வீங்கல? அதச் சொல்லுங்க, எழுந்து வந்துடறேன்.”

“தண்ணி கம்மியாக் குடிக்கிறேன். ஒரு நாளும் வுடாம வர்றேன். அவ்ளோதான்.”

“அது எல்லாரும் சொல்றதுதான்.”

பிறகு வந்த குரல் வார்டில் கேட்டுப் பழகிய குரல் அல்ல.

“எனக்கு இன்னாத்துக்குப் பயம்னு எத்தினி தபா கேட்டிருப்பீங்க. இப்ப சொல்றேன், கேளுங்க. பஸ்ஸு வராம போனா எனக்குப் பயம். மழ வந்தா புக்கு கையில இருக்கும், ஒரு எழுத்தும் மண்டையில ஏறாது. ரெண்டாவது வருசம் மழையில மண்ணு சரிஞ்சி ரோடு போயிடிச்சி. ரெண்டு தபா வர முடியல. உங்களுக்கு இப்ப எப்பிடி மூச்சு வாங்குது, அதே மாதிரி எனக்கு வாங்கிச்சி. நாலு பேரு என்னைக் கட்டில்ல வெச்சித் தூக்கிக்கினு, ரோடு நல்லா இருக்கிற எடம் வரைக்கும் எறக்கினாங்க. நீங்க எதிர்ல பாத்துக்கினு இருக்கீங்களே, அவருதான் முன்னாடி கட்டில் கால் புடிச்சாரு. மலையில மருந்து இருந்திருந்தா, கூடப் பொறந்தவன் பொண்டாட்டிக்கு அத ஊத்தியிருக்க மாட்டாரா? தோள் தோலு உரிஞ்சி போற வரைக்கும் எதுக்குத் தூக்கணும்?”

அண்ணன் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் துண்டை விலக்கி வலது தோளைக் காட்டினார். அங்கே தழும்பு எதுவும் இல்லை. அவருக்கே அது நினைவு வந்தது போலத் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “ஆறிப்போச்சி” என்றார். பிறகு, “கட்டிலு இதுதான்” என்று அண்ணன் உட்கார்ந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார்.

அண்ணன் எழுந்துவிட்டார்.

பெரியவரே ஜீப் ஒன்றைப் பிடித்து, கூடவும் வந்தார். வளைவுகளில் அண்ணனை அவர்தான் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது டீச்சருக்கு டயாலிசிஸ் முடியும் நேரம் தாண்டியிருந்தது. மலைக்குத் திரும்பும் பஸ் போய்விடும் என்று தெரிந்தும் அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அண்ணனை உள்ளே கொண்டுபோனபோது எழுந்து நின்றார். மூச்சு சீராக மாலையாகிவிட்டது. வந்த ஜீப்பிலேயே டீச்சரைக் கணவரின் அண்ணன் அழைத்துப் போனார்.

டீச்சர் இப்போது இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலங்கள் வந்துபோனார். இதயம் நின்றது, வீட்டில், ஒரு திங்கட்கிழமை விடியலில். அன்று பஸ் நேரத்துக்கு வந்தது. அண்ணன் இன்றும் போய்வருகிறார். ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிடாமல் இருந்த விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அன்று மலையிலிருந்து இறங்கி உயிர் பிழைத்துவிட்டாரே தவிர, அவருக்கு வெட்கம் அதிகமாக இருந்தது. வார்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லாரி டிரைவர் அவரை ‘சி.ஐ.டி.’ என்று கூப்பிட்டார். அண்ணன் பழையபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேறு ஊரில் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். அது வேறு ஊரைப் பற்றிய கேள்வி அல்ல என்று எனக்குத் தெரிந்தது. எங்கேயும் போகாமல் இருப்பதற்கான முதல் படி அது.

டீச்சரும் மாறியிருந்தார். பார்சல்கள் வந்தன, அவர் யாருக்கும் எதுவும் தரவில்லை. டிபன் பாக்ஸ் நிமிர்ந்தபடியே இருந்தது.

“டீச்சர், ஏதாச்சும் குடுங்க” என்று ஓய்வுபெற்ற பெரியவர் கெஞ்சினார். “ஒரு சின்னக் கொலையாச்சும். நாலு மணி நேரம் விட்டத்தப் பாத்துக்கினு இருக்க முடியல.”

“வேணாங்க. புக்கு குடுத்து ஒருத்தர மலை ஏத்தினது போதும்.”

“அவரு எறங்கிட்டாரே?”

“எறங்கினதால பேசிக்கினு இருக்கோம்.”

மூன்று வாரங்கள் இப்படிப் போயின. ஒரு திங்கட்கிழமை அண்ணன் சிஸ்டரிடம், அடுத்த வியாழன் பேத்திக்குக் காது குத்து, வரமாட்டேன் என்றார். அவருக்குப் பேத்தி கிடையாது. மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன் பக்கத்து பெட்டில் இருந்து டீச்சர் சிஸ்டரைக் கூப்பிட்டார். மேஜை டிராயரில் இருக்கும் அந்த அணைக்கட்டுக் கதையை எடுத்து வரச் சொன்னார். பஸ் டிக்கெட் அதே இடத்தில் இருந்தது. அதை வாங்கி, கை நீட்டி, அண்ணனின் தலையணையில் வைத்தார்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “அது வேணாம் டீச்சரம்மா. முடிவு எனக்குத் தெரிஞ்சு போச்சி. அந்தப் பொம்பள கிட்ட மருந்து இல்ல.”

“அது வரைக்கும் சரி” என்றார் டீச்சர். “நீங்க ஆள மாத்திப் புடிச்சிட்டீங்க. சரியான ஆளு இன்னும் வெளியதான் திரிஞ்சிக்கினு இருக்கான். பாதியில வுட்டுட்டுக் காது குத்துக்குப் போறீங்களே.”

அண்ணன் திரும்பிப் படுக்க நேரமானது. பிறகு புத்தகத்தை எடுத்தார். அவருக்கு டிபன் பாக்ஸ் இல்லை. டீச்சர் தன்னுடையதைக் கவிழ்த்து அவர் பக்கமாகத் தள்ளினார். மெஷின் முடிந்த மணி அடித்தபோது இன்னும் முப்பது பக்கம் மிச்சம் இருந்தது. டிக்கெட்டைப் புது இடத்தில் செருகி, சிஸ்டரிடம் கொடுத்து, “வியாழக்கிழமை வரைக்கும் இத யாரும் தொடக் கூடாது” என்றார்.